கூப்பிய கைகளுக்கு உரியவர்

வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் திரு இருதயப் படத்திற்குப் பக்கத்தில் ஒரு படம் நம் கண்ணிற்படும். முகமில்லை, உடலில்லை, சட்டைக்கை மடிப்பிலிருந்து எழுந்து, விரல் நுனிகள் மெல்லத் தொட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு கைகள் மட்டும். புதுநன்மை வாங்கும் குழந்தைகளின் நினைவுப் படங்களிலும், மரித்தோர் நினைவு அட்டைகளிலும், ஏன், நம் பங்கின் செய்தி மடலிலும்கூட அக்கைகள் இடம்பெற்றுவிட்டன. அவற்றை வரைந்தவர் பெயரை எந்த அட்டையிலும் நாம் பார்த்ததில்லை.

இக்கைகளைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அதைப் பல ஆண்டுகள் நாமும் மறையுரையில் சொல்லி வந்தோம். பதினெட்டுப் பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பம். அதில் இரு சகோதரர்களுக்கு ஓவியம் கற்க ஆசை. இருவரையும் படிக்கவைக்கப் பணமில்லை. நாணயம் சுண்டிப் பார்க்கிறார்கள். வென்றவன் படிக்கப் போகிறான். தோற்றவன் சுரங்கத்தில் உழைத்து அவனுக்குப் பணம் அனுப்புகிறான். படித்தவன் புகழோடு திரும்பி, "இனி உன் முறை" என்று அழைக்கும்போது, மற்றவனுடைய விரல்கள் தூரிகை பிடிக்க இயலாதபடி உருக்குலைந்து போயிருக்கின்றன. அந்த விரல்களையே அவன் கூப்பிய கைகளாக வரைந்தான் என்பது கதை. கேட்போர் கண்கள் கலங்கும். அன்றைய காணிக்கையும் சற்றுக் கூடும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சென்ற தவக்காலத்தில் இக்கதையை மீண்டும் சொன்னோம். திருப்பலி முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்து நின்றார். கடைப்பலகை எழுதியும், பள்ளிச் சுவர்களில் படம் வரைந்தும் பிழைப்பவர். "சுவாமி, அந்தக் கதை உண்மையில்லை. உண்மைக் கதையில் கூலித் தகராறு வருகிறது. அதைச் சொல்லமாட்டீர்களா?" என்றார். நமக்குச் சற்றுச் சினம் வந்தது. வீட்டிற்கு வந்து படிக்கத் தொடங்கியபின் சினம் போய், வெட்கம் வந்தது.

அக்கைகளை வரைந்தவர் ஆல்பிரெக்ட் டியூரர். செர்மன் நாட்டு நியூரம்பர்க் நகரில் 1471-ஆம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் பொற்கொல்லர். பிள்ளைகள் பதினெட்டுப் பேர் என்பது மெய்யே. ஆனால் அவர்களுள் நெடுநாள் வாழ்ந்தவர்கள் மூவர் மட்டுமே. ஆல்பிரெக்ட் ஓவியரானார்; எண்ட்ரெஸ் தந்தையின் தொழிலைத் தொடர்ந்து பொற்கொல்லரானார்; ஹான்ஸ் ஓவியம் கற்றுப் போலந்து மன்னருக்கு ஓவியரானார். சுரங்கத்திற்குச் சென்ற சகோதரர் எவருமில்லை. படிப்பிற்காக நாணயம் சுண்டவும் இல்லை. மகனைத் தந்தையே 1486-இல் அதே ஊரில் மிக்கேல் வோல்கெமுட் என்ற ஓவியரிடம் தொழில் பழக விட்டார்.

அப்படியானால் இக்கைகள் யாருடையவை? பிராங்க்பர்ட் நகரில் ஜேக்கப் ஹெல்லர் என்ற செல்வந்தரான துணி வணிகர் இருந்தார். அவ்வூர் தொமினிக்கன் சபைக் கோயிலுக்கு ஒரு பீடப்படம் செய்து தருமாறு டியூரரிடம் கேட்டார். கீழே வெறுமையான கல்லறையைச் சூழ்ந்து திருத்தூதர்கள்; மேலே விண்ணேற்பு அடைந்த அன்னைக்கு மூவொரு இறைவன் முடிசூட்டுகிறார். அப்படத்தின் திருத்தூதர் ஒருவருக்காக 1508-இல் நீலத் தாளில் தூரிகையாலும் வெள்ளை வண்ணத்தாலும் வரைந்து பார்த்த ஆயத்தப் படமே நம் வீடுகளில் தொங்குவது. மூலப்படம் ஒரு முழம் உயரமும் இல்லாத சிறு தாள். இன்று வியன்னாவில் ஆல்பர்ட்டினா கலைக்கூடத்தில் இருக்கிறது.

இனி அந்தக் கூலித் தகராறு. பேசிய விலை 130 புளோரின் பொற்காசு. வேலையைத் தொடங்கியபின் டியூரருக்குக் கை கட்டுப்படவில்லை. அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றினார். அக்காலத்தில் பொன்னோடு ஒப்பிடத்தக்க விலையுள்ள நீலவண்ணத்தை இருபது பொற்காசுக்கும் மேலாக அந்த ஒரே படத்தில் செலவிட்டார். நாட்கள் நீண்டன. 200 புளோரின் இல்லாவிட்டால் தமக்கு நட்டம் என்று எழுதினார். ஹெல்லர் வாக்கு மீறினாய் என்று சினந்தார். அப்படியானால் வாங்கிய 100 புளோரின் முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன், படத்தை வேறொருவருக்கு விற்றுக்கொள்கிறேன் என்று டியூரர் பதில் எழுதினார். அக்கடிதங்களின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. படிக்கும்போது, கோயில் கட்டும் மேஸ்திரியும் கட்டடக் குழுத் தலைவரும் பேசிக்கொள்வதை நம் காதால் கேட்பது போலவே இருக்கிறது. இறுதியில் ஹெல்லர் 200 புளோரினும் கொடுத்தார். டியூரரின் மனைவிக்கு ஒரு பரிசும், தம்பி ஹான்சுக்கு 2 புளோரினும் அனுப்பினார்.

படம் 1509 ஆகஸ்டில் சென்றது. அதனோடு சென்ற கடிதத்தில் டியூரர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். படத்தைத் தூய்மையாக வைத்தால் ஐந்நூறு ஆண்டுகள் புதிதுபோலிருக்கும், எவரும் தொடவேண்டாம், அதன்மேல் தீர்த்தமும் தெளிக்கவேண்டாம் என்பதே அது. தீர்த்தம் தெளிப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஓரிரண்டு ஆண்டுகளில் தாமே வந்து, தமக்கு மட்டுமே தெரிந்த மெருகெண்ணெய் பூசித் தருவதாகவும் வாக்களித்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தீர்த்தமல்ல, தீ அதை அழித்தது. பவேரியக் கோமகனால் விலைக்கு வாங்கப்பட்டு மியூனிக் அரண்மனைக்குச் சென்ற அப்படம் 1729-ஆம் ஆண்டுத் தீ விபத்தில் எரிந்துபோயிற்று. ஜோப்ஸ்ட் ஹாரிக் என்பவர் முன்னரே எடுத்துவைத்த படியும், ஆயத்தத்திற்காக வரைந்த கைகளும் பிற தாள்களுமே எஞ்சின.

ஹெல்லருக்கு எழுதிய கடிதங்களில் டியூரர் இன்னொன்றும் சொல்கிறார். இந்தப் படத்தோடு போராடாமல் செப்புத்தகட்டு வேலையிலேயே இருந்திருந்தால் ஆயிரம் புளோரின் மிகுதியாகச் சேர்த்திருப்பாராம். இது வெறும் பெருமைப் பேச்சல்ல. அவர் பிழைத்த வழியே அதுதான்.

பீடப்படம் எழுதும் ஓவியர் ஒரு செல்வரின் வாசலில் காத்திருக்கவேண்டும். மரக்கட்டையிலோ செப்புத்தகட்டிலோ செதுக்கி மையிட்டுத் தாளில் ஒற்றினால், ஒரே படம் நூறு இல்லங்களுக்குப் போகும். ஒருவர் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். டியூரருடைய ஞானத்தந்தை அந்தோன் கோபர்கர் நியூரம்பர்க்கின் பெரிய அச்சகத்தார். அத்தொழிலின் நெளிவு சுளிவுகளைப் பிள்ளைப் பருவத்திலேயே டியூரர் கண்டிருந்தார். 1498-இல், இருபத்தேழாம் வயதில், திருவெளிப்பாட்டிற்குப் பதினைந்து பெரிய மரச்செதுக்குப் படங்கள் செய்து, செர்மன் மொழியிலும் இலத்தீனிலும் தாமே நூலாக வெளியிட்டார். படம் வரைந்தவரே நூலுக்கு உரிமையாளராகவும் நின்றது அக்காலத்தில் புதுமை.

விற்றவர்கள் யார்? 1497-லேயே ஊர் ஊராகச் சென்று விற்க ஓர் ஆளைச் சம்பளத்திற்கு அமர்த்தினார். ஆயினும் வியாபாரத்தைத் தாங்கியவர்கள் வீட்டுப் பெண்களே. மனைவி ஆக்னஸ் பிராங்க்பர்ட் சந்தைக்குப் படக்கட்டுகளோடு போய்க் கடை விரித்தார். தாய் பார்பரா உள்ளூரிலேயே விற்றார். நியூரம்பர்க்கில் ஆண்டுதோறும் பாஸ்காவுக்குப் பின் பேரரசின் திருப்பண்டங்களை மக்கள் வணக்கத்திற்கு வைப்பார்கள். ஆண்டவரின் விலாவைக் குத்திய ஈட்டி என்று போற்றப்பட்டதும் அவற்றுள் ஒன்று. அதைக் காணத் திரளும் கூட்டத்தில் தாயார் மகனுடைய படங்களை விற்பார். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தின்போது மெழுகுவர்த்தியும் செபமாலையும் பரப்பி அமர்ந்திருக்கும் நம் தாய்மாரை நினைத்துக்கொண்டோம். பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்ற அத்தாயின் முகத்தை 1514-இல், அவர் இறப்பதற்குச் சிறிது முன், மகன் கரிக்கோலால் வரைந்திருக்கிறார். சுருக்கமும் எலும்பும் துருத்திய முகம். அழகுபடுத்தாமல் வரைந்த அதைவிட அன்பான படத்தை நாம் கண்டதில்லை.

ஆக்னஸைப் பற்றி ஒரு சொல். டியூரர் இறந்தபின் அவருடைய நண்பர் பிர்க்ஹைமர், ஆக்னஸின் பணத்தாசையே கணவரைக் கொன்றது என்று ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். அன்று முதல் பல நூல்களில் அந்த அம்மையார் பேராசைக்காரியாகவே வாழ்கிறார். சந்தையில் நாள் முழுதும் நின்று, சில்லறை எண்ணி, வீட்டை நடத்திய மனைவியைச் செல்வந்தரான நண்பர் பேராசைக்காரி என்பது நமக்கு ஏற்புடையதாக இல்லை.

விற்பனை பெருகியதும் திருட்டும் வந்தது. டியூரர் தம் படங்களில் ஒரு குறி இடுவார்: ஏ என்ற எழுத்தின் விரிந்த கால்களுக்கிடையே சிறிய டி. அக்குறியைக் கண்டால் மக்கள் நம்பி வாங்கினார்கள். மார்க்கன்டோனியோ ரைமொண்டி என்ற இத்தாலியக் கலைஞர், டியூரரின் ‘மரியன்னையின் வாழ்வு’ மரச்செதுக்குப் படங்களைச் செப்புத்தகட்டில் அப்படியே படியெடுத்து, அக்குறியையும் சேர்த்தே பொறித்து விற்றார். கையெழுத்தையே படியெடுத்துவிட்டால் வாங்குபவர் எங்ஙனம் அறிவார்? டியூரர் வெனிஸ் ஆட்சிமன்றத்தில் முறையிட்டார் என்றும், படத்தைத் தடுக்காமல் குறியை மட்டும் இடக்கூடாதென்று தீர்ப்பு வந்தது என்றும் வசாரி என்ற இத்தாலிய ஆசிரியர் எழுதுகிறார். சொந்த ஊரிலும் அதே நியாயம்தான் கிடைத்தது. 1512 சனவரியில் வெளியூரார் ஒருவர் நியூரம்பர்க் நகரமன்றக் கட்டடத்தின் அடியிலேயே போலிப் படங்களை விற்றார். குறிகளை அழித்துவிட்டு விற்கவேண்டும், இல்லையேல் பறிமுதல் என்று மன்றம் ஆணையிட்டது. பெயரைத் திருடுவது குற்றம். கற்பனையைத் திருடுவது குற்றமல்ல என்ற அளவிற்கே அன்றைய நீதி வந்திருந்தது.

இதற்கு முந்திய ஆண்டே, 1511-இல், டியூரர் ‘திருவெளிப்பாடு’, ‘பெரிய பாடுகள்’, ‘மரியன்னையின் வாழ்வு’ ஆகிய மூன்று நூல்களை வெளியிட்டபோது, இறுதியில் கடுமையான எச்சரிக்கை ஒன்றை அச்சிட்டிருந்தார். பிறருடைய உழைப்பையும் அறிவையும் களவாடுவோர் இதில் கைவைக்கவேண்டாம். பேரரசர் மாக்சிமிலியன் தமக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறார். மீறினால் சரக்குப் போய்விடும் என்பது அதன் கருத்து. அன்னையின் வாழ்வைச் சொல்லும் நூலின் கடைசிப் பக்கத்தில் இப்படியொரு அதட்டலா என்று முதலில் நமக்கும் தோன்றியது. பத்துக் கட்டளைகளை நினைத்துப் பார்த்தால் இடம் பொருத்தமானதே.

அன்னைக்காக அவர் செய்த இன்னொரு பெரும்பணி வெனிஸ் நகரில் நடந்தது. 1506-இல் அங்கு வாழ்ந்த செர்மன் வணிகர்கள் தங்கள் கோயிலுக்குச் செபமாலை அன்னையின் பீடப்படம் கேட்டார்கள். அன்னையும் குழந்தை இயேசுவும் திருத்தந்தைக்கும் பேரரசருக்கும் ரோசா மாலை சூட்டும் படம் அது. விலை 110 புளோரின். அதற்காக விட்ட வேறு வேலைகளால் 200 பொற்காசு இழந்ததாக நண்பருக்கு எழுதினார். உள்ளூர் ஓவியர் சங்கத்தார் அவரை மூன்றுமுறை அதிகாரிகள்முன் இழுத்து, 4 புளோரின் கட்டவைத்தார்கள். அவர்களே அவருடைய படங்களைப் பார்த்துப் படியெடுத்துக்கொண்டு, வெளியே வந்து இகழ்ந்தும் பேசினார்கள். முதியவரான ஜொவான்னி பெல்லினி மட்டும் பலர் அறியப் புகழ்ந்து, தமக்கும் ஒரு படம் வேண்டும், நல்ல விலை தருவேன் என்றார். கலைஞன் கலைஞனுக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிட வேறென்ன? அந்தப் படத்தின் ஓரத்தில் டியூரர் தம்மையே வரைந்து, ஐந்து மாதத்தில் முடித்த செய்தியை எழுதிய தாளொன்றைக் கையில் பிடித்திருக்கிறார். அப்படம் இப்போது பிராகாவில் உள்ளது.

1520-இல் அவர் நெதர்லாந்திற்குப் பயணமானார். காரணம் உதவித்தொகை. மாக்சிமிலியன் அளித்துவந்த ஆண்டுக்கு 100 புளோரின், 1519-இல் அவர் இறந்ததும் நின்றுபோயிற்று. புதிய பேரரசர் ஐந்தாம் சார்லசிடம் அதை உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. மனைவியையும் ஒரு பணிப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு, படக்கட்டுகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் பாம்பர்க் ஆயருக்கு அன்னையின் ஓவியம் ஒன்றும் நூல்களும் தந்தார். ஆயர் சுங்கம் கேட்காதிருக்க ஒரு சீட்டு எழுதித் தந்தார். செலவும் வரவும் அவருடைய நாட்குறிப்பில் காசு காசாக இருக்கின்றன. ஆன்ட்வெர்ப் நகரில் ஒரே ஆள் 16 ‘சிறிய பாடுகள்’ நூலை 4 புளோரினுக்கும், 32 பெரிய நூல்களை 8 புளோரினுக்கும் வாங்கியிருக்கிறார். அதாவது ஒரு புளோரினுக்கு நான்கு பெரிய நூல்கள். ஹெல்லர் ஒரே படத்திற்குக் கொடுத்த 200 புளோரினை இப்படி ஈட்ட 800 நூல்கள் விற்கவேண்டும். சந்தையில் நின்ற ஆக்னஸின் கால்கள் எவ்வளவு நோயுற்றிருக்கும் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. உதவித்தொகை கிடைத்தது. வியாபாரத்தில் நட்டம்தான் என்று இறுதியில் அவரே எழுதுகிறார். மாக்சிமிலியனின் மகளான மார்கரெட் சீமாட்டி படங்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு கைம்மாறு ஒன்றும் தரவில்லையாம்.

அந்நாட்குறிப்பில் லூத்தரைப் பற்றி உருக்கமான பகுதி ஒன்றும் உண்டு. டியூரர் அவரை மதித்தவர். அதை மறைத்து எழுதுவது நமக்கு முறையல்ல. அன்னையின் வாழ்வை அவர் வரைந்த அன்பு அதனால் குறைவதுமில்லை.

1528 ஏப்ரல் 6-ஆம் நாள் டியூரர் இறந்தார். மனித உடலின் அளவுமுறை பற்றி அவர் எழுதிய நூல் அப்போது அச்சுவேலையில் இருந்தது. அதே பொருளில் ஒரு நூலை முந்திக் கொண்டுவர வேறு இருவர் முயன்றார்கள். விதவையின் நூல் வெளிவரும்வரை அவர்கள் வெளியிடக்கூடாது என்று நகரமன்றம் தடுத்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஆக்னஸ் கணவரின் நூலை வெளியிட்டார். பிள்ளையில்லாத அந்த அம்மையார் அக்குறியைக் காத்தே மீதி வாழ்நாளைக் கழித்தார்.

இவ்வளவும் படித்தபின், அந்த இளைஞர் நம்மிடம் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது விளங்கிற்று. நம் கோயில் விண்ணேற்பு அன்னையின் கோயில். நான்கு ஆண்டுகளுக்குமுன் ஆகஸ்ட் பெருவிழாவிற்கு அவர் ஓர் ஆளுயரக் கித்தானில் அன்னையை வரைந்து தந்தார். வண்ணத்திற்கான செலவை மட்டும் கொடுத்தோம். கைக்கூலி காணிக்கை என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம், அவரைக் கேட்கவில்லை. மறு ஆண்டு ஓர் அச்சகத்தார் வந்து கேட்டபோது படத்தின் நிழற்படத்தையும் நாமே கொடுத்தோம். அது நாட்காட்டியாக வெளிவந்தது. மூலையில் அவர் இட்டிருந்த கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு நகைக்கடையின் விளம்பரம் இருந்தது. பக்கத்து ஊர்த் தேநீர்க் கடையில் தம் படத்தைத் தாமே கண்டாராம். கடைக்காரரிடம் "நான் வரைந்தது" என்றதற்கு, அவர் சிரித்தாராம்.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உண்டு. வரைந்தவரின் ஆயுளுக்கும், அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை நிற்கும். பதிவு செய்திருக்கவேண்டிய கட்டாயமில்லை. கூலி கொடுத்து ஒருவரிடம் ஓவியம் வரைவித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து உரிமை கொடுத்தவரைச் சேரும். கூலியே கொடுக்காத நாம் எந்த உரிமையில் அச்சகத்தாரிடம் தந்தோம்? கூலி கொடுத்திருந்தாலும், படத்தை ஆக்கியவர் தாமே என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், அது சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையும் 57-ஆம் பிரிவின்படி கலைஞரிடமே இருக்கும். தில்லி விஞ்ஞான் பவனிலிருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அதிகாரிகள் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். நெடுநாள் வழக்கிற்குப் பின் 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம், எஞ்சியதை அவரிடமே திருப்பித் தரவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் தீர்ப்பளித்தது. சிற்பத்தை விலைக்கு வாங்கிய அரசுக்கே இந்த நிலை.

செய்தியைப் பங்குப் பேரவையில் வைத்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர், "கோயில் காரியத்திற்குக் கணக்குப் பார்ப்பதா, சாமி?" என்றார். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் வாணவெடிக்காரருக்கும் ஆண்டுதோறும் கணக்குப் பார்த்துத்தானே கொடுக்கிறோம் என்றோம். அவர் சற்று யோசித்து, வெடிக்காரருக்குக் கொடுத்தது போன ஆண்டு கூடுதல் என்று வேறு பேச்சிற்குப் போய்விட்டார். ஆனாலும் தீர்மானம் நிறைவேறிற்று. இவ்வாண்டுப் பெருவிழாவிற்கு அவர் வரையும் புதிய படத்திற்குக் கூலி பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். எங்கு, எத்தனை முறை அச்சிடலாம் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம்.

பழைய படத்திற்கான கூலியையும் எடுத்துச் சென்றோம். "அது அம்மாவுக்குச் செய்தது, சுவாமி. பணம் வேண்டாம். அந்த மூலையை மட்டும் திருப்பி வாங்கித் தாருங்கள்" என்றார். அடுத்த பதிப்பில் பெயரைச் சேர்க்கும்படி அச்சகத்தாருக்குக் கடிதம் எழுதினோம். இதை எழுதும்வரை பதிலில்லை. இன்று மறுபடியும் எழுதியிருக்கிறோம். இம்முறை பதிவுத் தபாலில்.